பாதி நனைய வரவில்லை

கைமெஷின் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். அங்கே துணிப்பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருடமாகத் தையல் வேலை. கிழிந்த போர்வை, நாடா அறுந்த நோயாளி அங்கி, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக அவள் மேசைக்கு வரும், மடிப்பு மடிப்பாகத் திரும்பிப் போகும். கூட இருந்த மூன்று பேரும் மெஷினைக் காலால் மிதித்துத் தைப்பார்கள். இவள் மட்டும் வலக்கையால் சக்கரத்தைச் சுற்றி, இடக்கையால் துணியைத் தள்ளுவாள். நாலு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலை முழுசாகவும் வலது காலைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டது. இரண்டு காலிலும் இரும்புச் சட்டம், இரண்டு கக்கத்திலும் கட்டை. ஆனால் தைக்கும் வேகத்தில் அவளை யாரும் ஜெயித்ததில்லை.

"காலு இருக்கறவங்க டீ குடிக்க எந்திரிச்சுப் போயிடுறாங்க. நான் எங்க போறது? அதான் சீக்கிரம் முடியுது" என்பாள்.

நான் அதே ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பாப்டிஸ்ட் சபையில் கீபோர்டு வாசிப்பவன். ஆறு நாள் அவளை அங்கே பார்ப்பேன், ஏழாம் நாள் இங்கே.

அவளுடைய அண்ணன் எங்கள் சபையின் செயலாளர், உதவிக்காரர்களில் ஒருவர். திருவிருந்துத் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டு வருவதும், நோயாளி வீடுகளுக்குப் போவதும் உதவிக்காரர்களின் வேலை. அவர் ஜன்னல் கண்ணாடி வெட்டி விற்கும் கடைக்காரர். கடைப் பழக்கமோ என்னவோ, தங்கையையும் "மெதுவா, மெதுவா" என்றேதான் கையாண்டார். அப்பா அம்மா போன பிறகு அவர்தான் அவளை வளர்த்தார். அதை யாரும் மறுக்க முடியாது. பள்ளிக்கூடம் மாடியில் இருக்கிறது என்று ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதும் அவர்தான். ஆஸ்பத்திரி வேலைக்கு அவள் மனுப்போட்டது அவருக்குத் தெரியாது. வேலைக்கான கடிதம் வந்த பிறகு, இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. வேலையில் சேர்ந்ததும் அவள் தனி வீடு பார்த்துக்கொண்டாள்.

சபைக்கு அவளைக் கூட்டி வந்ததும் அவரே. பதினோரு வருடம் அவள் கடைசி பெஞ்சில், கதவோரம் உட்கார்ந்தாள். எங்கள் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த ஒருவர் தானாக வந்து, நான் விசுவாசிக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும். சபையார் கேள்வி கேட்பார்கள், கை தூக்கி ஏற்றுக்கொள்வார்கள். பிறகு மேடைப் பலகைக்குக் கீழே இருக்கும் தொட்டியில் தலை முதல் கால் வரை முழுக்கு. அதன் பிறகுதான் அங்கத்தினர், அதன் பிறகுதான் ஓட்டு. எங்கள் வழக்கப்படி திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் அதன் பிறகுதான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று அண்ணன் தட்டோடு கடைசி பெஞ்சு வரை வருவார், தங்கையைத் தாண்டிப் போவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முழுக்கு எடுப்பவர்களின் வெள்ளை அங்கிகளைத் தைத்ததெல்லாம் அவள்தான். தண்ணீரில் அங்கி குடையாக விரிந்து மேலே வராமலிருக்க, அடி மடிப்புக்குள் ஈயக்குண்டு வைத்துத் தைப்பாள். எண்பது பேருக்காவது தைத்திருப்பாள். "உனக்கு எப்போ?" என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்தாள். பிரசங்கம் முடிந்து, முழுக்கு எடுக்கத் தீர்மானித்தவர்கள் எழுந்து நிற்கலாம் என்று போதகர் சொன்ன நேரம். முழங்கால் சட்டத்தின் பூட்டு 'டக்' என்று விழும் சத்தம் கேட்டது. அடுத்த காலின் பூட்டும் விழுந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

"உக்காரும்மா, தண்ணி வேணுமா?" என்றார் போதகர்.

"வேணும், ஐயா. ஒரு தொட்டி நிறைய" என்றாள்.

சிலர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

அங்கத்தினர் கூட்டம் இரண்டு வாரம் கழித்து மத்தியானம் நடந்தது. அவள் சாட்சி மிகச் சின்னது. "நான் பதினோரு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். மொதல்ல அண்ணனுக்காக வந்தேன். அப்புறம் பாட்டுக்காக. மூணு வருஷம் முன்னாடி துணிப்பிரிவுல உக்காந்து ஒரு சின்னக் கொழந்தையோட போர்வையத் தைச்சுக்கிட்டிருந்தேன். கொழந்தை செத்துப்போச்சு, போர்வை வேண்டாம்னு வந்து சொன்னாங்க. நான் தைக்கறதை நிறுத்தாம, ஆண்டவரோட சண்டை போட்டு ஜெபம் பண்ணினேன். அந்த ஜெபத்தை யாரும் கேக்கலைன்னா எனக்கு அவ்வளவு கோவம் வந்திருக்காது. யாரோ கேக்கறாங்கன்னு தெரிஞ்சுதான் அவ்வளவு கோவப்பட்டேன். அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான் விசுவாசிக்கிறேன்னு."

யாரும் கேள்வி கேட்கவில்லை. அவள் விசுவாசத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சிக்கல் தண்ணீரில் வந்தது.

போதகர் நல்லவர், ஒல்லியானவர், முதுகில் ஆபரேஷன் ஆனவர். மென்று விழுங்கிச் சொன்னார்: "தொட்டிக்கு ஏழு படி. வழுக்கும். ஆண்டவர் இருதயத்தைப் பாக்கறவர். இவங்களுக்கு மட்டும் மேடையில நாற்காலி போட்டு, தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம்னு உதவிக்காரங்க நெனைக்கிறாங்க."

வழக்கப்படி, ஓட்டெடுக்கும்போது மனுச் செய்தவர் வெளியே போய் நிற்க வேண்டும். அண்ணன் நோட்டைத் திறந்துகொண்டு, "நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார்.

"நான் வெளிய போறதுக்குப் பத்து நிமிஷம், உள்ள வர்றதுக்குப் பத்து நிமிஷம். நீங்க தூக்கற கையை நான் பாத்தா என்ன? மறைக்கணும்னா தூக்காதீங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சட்டத்தப் பத்தி நீங்க பேசாதீங்கண்ணே. முழுக்குதான் ஞானஸ்நானம்னு இந்தச் சபையில பதினோரு வருஷமா கேட்டிருக்கேன். தலையில ஊத்தறது தப்புன்னு இதே மேடையில எத்தனை பிரசங்கம்! எனக்குன்னு வந்ததும் அது சரியாயிடுச்சா?" அவள் கட்டையை ஊன்றி எழுந்துவிட்டாள். "முழுக்குன்னா அடக்கம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? பழைய ஆளைப் பொதைச்சுட்டுப் புது ஆளா எந்திரிக்கணும்னு. யாரையாவது தலையில ஒரு பிடி மண்ணைப் போட்டுட்டு, அடக்கம் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போயிருக்கீங்களா? பள்ளிக்கூடம் எனக்குப் பாதி. கல்யாண வீடுன்னா வாசல் வரைக்கும். எல்லாம் பாதியிலேயே போதும்னீங்க. இங்க நான் பாதி நனைய வரலை."

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "விழுந்து மண்டை ஒடைஞ்சா யார் பதில் சொல்றது? நான்தானே உன்னைத் தூக்கிட்டு ஓடணும்?"

"ஓட வேண்டாம்ணே. அதைத்தான் சொல்றேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வார்டு அக்கா. வாட்டசாட்டமான பெண், கூட்டங்களில் வாயே திறக்காதவர். "தெனமும் தொண்ணூறு கிலோ ஆளுங்களக் கட்டில் மாத்தறேன். இவ அம்பது கிலோகூட இருக்க மாட்டா. போதகர் வார்த்தையைச் சொல்லட்டும், நான் பிடிச்சுக்கறேன்."

அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகிவிட்டது. ஒரு பெண் தொட்டிக்குள் நின்று ஞானஸ்நானத்துக்குக் கைகொடுப்பதா? "இது எங்கயும் நடந்ததில்ல. சங்கத்துக்கு எழுதிக் கேக்கணும்" என்றார் அண்ணன். சங்கம் என்றால், எங்களைப் போன்ற சபைகள் சேர்ந்த சங்கம்.

ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர் எங்கள் மூத்த அங்கத்தினர். காது மந்தம், குரல் மட்டும் இன்னும் பஸ்ஸிலேயே இருந்தது. "சங்கம் யோசனை சொல்லலாம். உத்தரவு போட முடியாது. நம்ம சபைக்கு மேல இன்னொரு சபை கெடையாது, ஆண்டவர் மட்டுந்தான். மேலிடத்துல கேட்டு நடக்கறவங்களா இருந்தா நாம எதுக்கு பாப்டிஸ்ட்டா இருக்கணும்? இங்க உக்காந்திருக்கறவங்க முடிவு பண்ணுங்க. யாரும் படியில தொங்காதீங்க, உள்ள வாங்க, கையைத் தூக்குங்க!"

முழுக்குக்கு முப்பத்து நாலு கை. வேண்டாம் என்று பத்தொன்பது. ஐந்து பேர் இரண்டுக்கும் தூக்கவில்லை. அந்த ஐந்தில் நான் ஒருவன். அண்ணன் என் வீட்டுப் பக்கத்துக் கடைக்காரர், தினமும் முகத்தில் முழிக்க வேண்டும் என்று கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

முழுக்கு நாளன்று மேடைப் பலகைகளை எடுத்து ஓரம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமையே குழாயைத் திறந்துவிட்டு நிரப்பிய தண்ணீர் பச்சையாகக் குளிர்ந்து கிடந்தது. போதகரும் வார்டு அக்காவும் உள்ளே இறங்கி, மார்பளவு தண்ணீரில் நின்றார்கள். அண்ணன் கடைசி பெஞ்சில், அதுவரை அவள் உட்கார்ந்த இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி மட்டும் துண்டோடு முன்னால் வந்து நின்றாள்.

கைமெஷின் அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, இரும்புச் சட்டங்களைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்தாள். வார்டு அக்கா தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"தண்ணிக்குள்ள வந்ததும் பிடிங்க. படி என் பாடு."

முதல் படியில் உட்கார்ந்தாள். கால்களைக் கையால் எடுத்து அடுத்த படியில் வைத்தாள். உடம்பை இறக்கினாள். மறுபடி கால்கள். மறுபடி உடம்பு. நான் வாசித்த பாட்டுக்கு நாலு சரணம். வழக்கமாக முதல் சரணம் முடிவதற்குள் ஆள் தண்ணீரில் இருப்பார். நாலாவது சரணம் முடிந்தபோது இவள் மூன்றாம் படியில் இருந்தாள். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"பாட்டை நிறுத்துப்பா. நான் எங்கயும் ஓடலை" என்றாள், திரும்பாமலே.

நிறுத்தினேன். அவள் மூச்சு வாங்கும் சத்தமும், துணி படியில் உரசும் சத்தமும் மட்டும் கேட்டது. எல்லோரும் நின்றிருந்தோம். கடைசி பெஞ்சில் அண்ணனும் எழுந்து நின்றிருந்தார்.

கடைசிப் படிக்குக் கீழே தண்ணீர் அவளைத் தூக்கியது. சட்டமில்லாமல், கட்டையில்லாமல், வார்டு அக்காவின் தோளில் ஒரு விரல் மட்டும் வைத்து அவள் நின்றாள். குனிந்து தண்ணீருக்குள் தன் கால்களைப் பார்த்தாள். "நிக்கறேனே" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

போதகர் வார்த்தைகளைச் சொன்னார். இருவரும் அவளைப் பின்னால் சாய்த்தார்கள். தலை உள்ளே போனது. போன வேகத்தில், எடையே இல்லாத இடது கால் ஈயக்குண்டையும் மீறித் தண்ணீருக்கு மேலே எழும்பி வந்தது. தூக்கி நிறுத்தினார்கள். அவள் மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"காலு வெளிய வந்துச்சா?"

"பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்றார் போதகர். உதடெல்லாம் அவருக்கு நீலம் பூத்திருந்தது.

"உங்களுக்குப் பரவாயில்லயா இருக்கலாம், ஐயா. மறுபடி."

யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். வார்டு அக்கா இந்தத் தடவை அவள் பாதத்தின் மேல் தன் பாதத்தை அழுத்தி வைத்தார். போதகர் மறுபடி சொன்னார். தலை, தோள், கை, முழங்கால், எல்லாம் உள்ளே போனது. ஒரு கணம் தொட்டியில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. பிறகு அவள் எழும்பி வந்தாள்.

"வெளிய ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் தெரியல!" என்று முதல் வரிசையிலிருந்து கத்தினார் கண்டக்டர். அதன் பிறகுதான் எனக்குப் பாட்டு நினைவுக்கு வந்தது.

அடுத்த முதல் ஞாயிறன்று போதகர் அவளுக்கு வலக்கை கொடுத்து அங்கத்தினராக வரவேற்றார். அவள் கடைசி பெஞ்சை விட்டு மூன்றாவது பெஞ்சுக்கு வந்திருந்தாள். அந்த வரிசைக்குத் தட்டு கொண்டு வர வேண்டியவர் அண்ணன். தாண்டிப் போகப் பழகிய கால்கள் ஒரு எட்டு தாண்டியே போய்விட்டன. பிறகு நின்றார், திரும்பி வந்தார், தட்டை நீட்டினார். நீட்டிய அவசரத்தில் தட்டு ஆடியது. அவள் தட்டின் விளிம்பை ஒரு கையால் பிடித்து நிறுத்திவிட்டு, மறு கையால் அப்பத்தை எடுத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் அவர் வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு என்று அண்ணி பிறகு சொன்னாள்.

இதோடு அண்ணனும் தங்கையும் ஒத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. அவள் ஓட்டுரிமையோடு உட்கார்ந்த முதல் கூட்டத்திலேயே, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டம் எதற்கு, வருடத்துக்கு ஒன்று போதும், மற்றதை உதவிக்காரர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். மளமளவென்று கைகள் உயர்ந்தன.

"எதிர்ப்பு?" என்று பேருக்குக் கேட்டார்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. "வருஷத்துக்கு ஒரு தடவைன்னா, என்னோட மனுவை அடுத்த வருஷம்தான் எடுத்திருப்பீங்க. அதுவரைக்கும் நான் தண்ணி இல்லாம காத்துக்கிட்டிருக்கணுமா?"

இந்தத் தடவை நான் கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்துத் தூக்கினேன். கண்டக்டர் தூக்கினார், வார்டு அக்கா தூக்கினார். நாலே நாலு கை. தீர்மானம் நிறைவேறிவிட்டது, நாங்கள் தோற்றோம். அண்ணன் நோட்டில் "எதிர்ப்பு: நால்வர்" என்று எழுதினார்.

அவள் கட்டையை எடுத்து ஊன்றி, முழங்கால் பூட்டுகளைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "எங்க பேரையும் எழுதுங்கண்ணே. அடுத்த கூட்டத்துலயும் இதையே கேப்பேன்" என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பேனா மூடியை மறுபடி திறந்தார்.