கெட்டுப்போகாத ஒயின்

பொய் சொன்னேன். என் அக்கா போட்ட ஒயின் கெட்டுப்போய்விட்டது என்று, அதை முகர்ந்துகூடப் பார்க்காமல், வாய் கூசாமல் சொன்னேன்.

இதெல்லாம் ஒரு குற்றமா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள்... ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

மலையாள மண்ணில், ஆரியசாலையில் எங்கள் வீடு. அத்தான் இறந்தபின் அக்கா என்னோடுதான் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் வந்தால் பீங்கான் பரணியில் ஒயின் போடுவாள். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, கிராம்பு. திராட்சையை மலையாளத்துக்காரர்களைப் போல முந்திரி என்றுதான் சொல்வாள். முந்திரிப்பருப்பிலா ஒயின் என்று நாகர்கோவில் சொந்தங்கள் கேலி செய்யும். ஆனால் சபையில் பாதிப் பேர் அதற்காகவே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்ப்பது அன்றைக்கு மட்டும்தான்.

எனக்கோ ஊரின் மறுகோடியில் இருக்கும் கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை. பிரான்சிலிருந்து வந்திருந்த மேலதிகாரி ஒரு விருந்தில் போர்தோ என்கிற அவர் நாட்டுச் சிவப்பு ஒயினை ஊற்றிக் கொடுத்தார். முதல் வாயிலேயே முகம் சுளித்தேன். பால் விடாமல் ஆறிப்போன கட்டன் சாயாவைப் போல ஒரே துவர்ப்பு! அது திராட்சைத் தோலும் விதையும் தருகிற துவர்ப்பு, அவசரப்படாமல் குடி என்றார். முகர்ந்தேன், நாவில் நிறுத்தினேன், மெல்ல மெல்லப் பிடித்துப்போயிற்று. அதோடு நின்றேனா? ஒயினைவிட அந்த ஞானம்தான் எனக்குத் தலைக்கேறியது!

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவரை வீட்டுக்கு அழைத்தேன். கையில் ஒரு போர்தோ புட்டியோடு வந்தார். அக்கா புதுப்புடவை உடுத்து, தன் ஒயினை ஊற்றுவதற்காகச் சமையலறையில் கண்ணாடித் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சர்க்கரைப் பாகையா இவருக்குக் கொடுப்பது... மானம் போய்விடுமே!

உள்ளே ஓடினேன். "அக்கா, உன் வைன் கெட்டுப்போச்சு. புளிச்ச வாடை வருது. வெளிய கொண்டுவராத."

அவள் துடைத்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "கர்த்தாவே! முந்தாநாள் ருசி பாத்தப்போ நல்லாத்தானேடே இருந்துச்சு... இன்னைக்கு ஜலதோஷம், ஒரு வாடையும் தெரியல. நல்லவேளை, நீ பாத்துச் சொன்ன."

விருந்தாளி போனதும் பரணியைக் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்தாள். கிராம்பு மணம் எழுந்தது. பரணியின் விளிம்பில் வழிந்ததை விரலால் தொட்டு நாவில் வைத்தேன். பாகு இல்லை! பழத்தின் வாசனை, அதன் பின்னால் மெல்லிய துவர்ப்பு... நான் பெருமையாகக் கற்றுக்கொண்டேனே, அதே துவர்ப்பு.

"சர்க்கரை போடலையாக்கா?"

"கொறச்சுத்தான் போட்டேன். அந்த சாருக்கு இனிப்பு ஆகாதுன்னு நீதானே சொன்ன. முந்திரித் தோலையும் கூடுதலா ஊற விட்டேன். அதுலதான் கெட்டிருக்கும்போல. சாரமில்லடே, போனாப் போட்டும்." அவள்தான் என்னைத் தேற்றினாள்!

அந்த இடத்திலேயே காலில் விழுந்திருக்க வேண்டாமா நான்? பரணியே காலியாகிவிட்டது, இனிச் சொல்லி என்ன பயன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதன்பின் அவள் ஒயின் போடவே இல்லை. சபையார் கேட்டால், "இனி என் கைக்கு அது வராது" என்பாள். பரணியில் இப்போது கல்லுப்பு கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நான்தான் போர்தோ வாங்கி வருகிறேன். பிராயச்சித்தமாம்!

போன கிறிஸ்துமஸுக்கு எனக்காக ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "தொவர்க்குதேடே. கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. இது இப்படித்தான் இருக்கும்."

தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ என்னோடது? அதுவும் இப்படித்தானே தொவர்த்துச்சு..."

கேட்டுவிட்டாள். இத்தனை காலம் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

"உன்னோடது புளிச்சிருந்துச்சுக்கா" என்றேன்.

"ஆமா, நீ சொன்னியே" என்று தலையாட்டிவிட்டு, முகம் சுளித்தபடியே மீதியையும் குடித்தாள்.