தண்ணீருக்கு முன்னால் கும்மி

"பின்னாடி போகாதீங்கம்மா, விழுந்துடுவீங்க" என்றது அந்தப் பெண்.

மயிலாடுதுறையில் மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு கல்யாண மண்டபம். அதன் மாடியில் வாரத்துக்கு இரண்டு நாள், எங்களைப் போன்ற கிழங்களை நிற்க வைத்து, பாட்டுப் போட்டு ஆடச் சொல்கிறார்கள். மூட்டுக்கு நல்லது, மனசுக்கும் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். மகள் என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். சொல்லித்தரும் பெண் நல்ல பிள்ளைதான். முன்னால் இரண்டு அடி, பக்கத்தில் இரண்டு அடி என்று சொல்லும். பாட்டு சூடு பிடித்ததும் என் கால் அதன் பேச்சைக் கேட்காமல் பின்னால் போய்விடுகிறது. கால் போனால் நான் என்ன செய்ய?

ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்த என் ஓரகத்தி சொன்னாள்: "அவள விட்ரு பாப்பா. அவளுக்கு அதான் நேர்."

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. மரியாதைக்கு 'அவர்' என்று எழுதலாம். எழுதினால் அவளே சிரிப்பாள். சத்துணவு மையத்தில் இருபது வருஷம் பதிவேடு எழுதிப் பழகிய கை என்னுடையது. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தை இதுவரை எழுதியதில்லை.

எனக்குக் கல்யாணமாகி நன்னிலம் பக்கத்தில் அந்த ஊருக்குப் போனபோது தெரு முனையில் இரண்டு கொடிக்கம்பங்கள் இருந்தன. ஒன்றில் ஆளும் கட்சிக் கொடி, இன்னொன்றில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடி. என் மூத்தார் அந்தக் கொடி, என் வீட்டுக்காரர் இந்தக் கொடி. அண்ணனும் தம்பியும் அதற்காக ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. சண்டை போட நாங்கள் இருந்தோம்.

அதுவரை எங்கள் குடிசைகள் நின்ற மண் முழுக்க மிராசுதாருடையது. குடியிருக்கிறவர்களுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்து, தாலுகா ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து சங்கிலி போட்டு அளந்தார்கள். எங்கள் மண் என்று ஆன அன்றைக்கே எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. இரண்டு குடிசைக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம். அளந்தவர் எல்லைக் கல்லைச் சரியாக அதன் தூரிலேயே நட்டுவிட்டுப் போய்விட்டார். பிறத்தியான் மண்ணில் நின்றவரை அந்த மரத்தில் யார் வேண்டுமானாலும் கீரை ஒடிப்போம். சொந்தமானதும் ஒரு கொத்துக் கீரைக்கு இரண்டு பேரும் வாய் கிழியக் கத்தினோம். அப்புறம் பேச்சு நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே வாசலில் குனிந்து கோலம் போட்டும் முகம் பார்க்காமல் இருந்தோம்.

அந்த வருஷம் தை மாதம். சம்பா அறுவடை. கூலியைக் கூட்டிக் கேட்டு நாங்கள் வயலில் இறங்கவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவருகிறார் என்று தகவல் வந்தது. வயலுக்குப் போகிற பெரிய வரப்பில் பெண்கள் நாங்கள் வரிசையாக ஏறி நின்றோம். வரப்பு அகலம் ஒரு ஆளுக்குத்தான். முன்னால் அவள், அவளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நான். பேச்சுவார்த்தை இல்லாதவள் முதுகைப் பார்த்துக்கொண்டே விடிகாலையிலிருந்து நின்றேன்.

மிராசுதாரின் ஆட்கள் கம்போடு ஓடிவந்தார்கள். அவள் வலது கையைத் தூக்கினாள். கம்பு மணிக்கட்டில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரே ஒரு அடி முன்னால் வைத்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்திருந்தால் போதும், கம்பு காற்றில் போயிருக்கும். நான் அந்த அடியை எடுத்து வைக்கவில்லை. அப்படியே நின்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு என்னைத் தூக்கித்தான் வந்தார்கள். எனக்கு ஒரு அடியும் விழவில்லை, ஆனால் கால் வரவில்லை. நிற்க முடிந்தது, உட்கார முடிந்தது. முன்னால் வைக்கலாம் என்று நினைத்தால் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. நாகப்பட்டினம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்து, "எலும்பெல்லாம் நல்லா இருக்கும்மா" என்றார். ஊரில் காத்து கருப்பு என்றார்கள். எனக்கு அடித்த வேப்பிலைக்கு ஒரு முழு மரம் மொட்டையாகியிருக்கும். நடிக்கிறாள் என்றும் சிலர் சொன்னார்கள். அவர்கள் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று வந்தது. எழுந்து போனால்தானே போட.

என்னைத் தின்றது அவர்கள் பேச்சில்லை. அந்த நொடியில் என்னை நிறுத்தியது எது? பயமா, முருங்கை மரமா? உட்கார்ந்தபடியே வாசலுக்கு நகர்ந்து வந்து அதையே யோசிப்பேன். அவள் மணிக்கட்டை நாட்டுக்கட்டு கோணலாகச் சேர்த்துவிட்டது. உள்ளங்கை விரியாது. இடது கையால் விளக்குமாறு பிடித்து அவள் பெருக்குவது தெரியும். நான் பார்த்தால் உள்ளே போய்விடுவாள்.

வைகாசி முடிந்தது. ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று சொன்னார்கள். எங்கள் ஊர் கடைமடை. மேலே எல்லா ஊரும் குடித்து மீந்தது எங்களுக்கு வரும். புதுத் தண்ணீர் வருகிற அன்றைக்குப் பெண்கள் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி நின்று மஞ்சளும் பூவும் போட்டு, அதன் முன்னால் கும்மி கொட்டி வரவேற்பது வழக்கம். தண்ணீர் ஒரு அடி வந்தால் பெண்கள் ஒரு அடி பின்வாங்குவார்கள். அப்படியே ஊருக்குள் கூட்டிக்கொண்டு வருவார்கள். அந்தச் சாயங்காலம் வீட்டுக்காரர் என்னை முதுகில் சுமந்து போய்க் கரையில் உட்கார வைத்துவிட்டு, மதகுப் பலகையைத் தூக்கப் போய்விட்டார்.

வெயில் சாய்ந்து எல்லாம் மஞ்சளாக இருந்தது. தண்ணீர் வந்தது. தவழ்கிற பிள்ளை வேகம்தான். முன்னால் நுரை, சருகு, பதர், சருகின் மேல் ஏறிக்கொண்ட எறும்புகள். வெடித்த மண் அதை உஸ்ஸென்று உறிஞ்சியது. உறிஞ்சி முடித்த பிறகு இன்னும் கொஞ்சம் வந்தது. மண் வாசனையில் எனக்குத் தூக்கம் வருவது போல் இருந்தது, அழுகையும் வந்தது. பெண்கள் தட்ட ஆரம்பித்தார்கள். பாட்டுக்கு வார்த்தை ஏதும் பெரிதாக இல்லை, தானானே தானானேதான்.

ஓரகத்தியும் வரிசையில் நின்றாள். அவளால் கை கொட்ட முடியவில்லை. கோணல் கையில் இடது கை பட்டால் சத்தமே வரவில்லை. இரண்டு மூன்று தரம் தட்டிப் பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் ஏறி வந்தாள். பேச்சு நின்றதிலிருந்து அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை, "எறங்கு."

"கால் வரலயேக்கா."

"கால யாரு கேட்டா? கையக் குடு."

கரைச் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். அவள் என்னைத் தூக்கி நிறுத்தி எனக்கு வலப்பக்கம் நின்றாள். அவளுடைய இடது கையும் என்னுடைய வலது கையும் சேர்ந்து தட்டின. சத்தம் வந்தது. நல்ல கணீரென்ற சத்தம். மறுபடியும் தட்டினோம். தண்ணீர் வந்து என் கட்டைவிரலைத் தொட்டது. எல்லோரும் ஒரு அடி பின்னால் வைத்தார்கள். என் காலும் போனது.

நான் அதை வைக்கவில்லை. அது போனது. பத்து வயதிலிருந்து நடவு நட்ட கால் அது. நடவு நடுகிறவள் முன்னால் போக மாட்டாள். நட்ட நாற்றை மிதிக்காமல் பின்னால் பின்னாலேயே போவாள். முன்னால் போவதைத்தான் என் கால் மறந்திருந்தது. பின்னால் போவதை யாரும் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. தட்டினோம், போனோம், தட்டினோம், போனோம். எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. வானம், நுரை, வளையல் சத்தம் எல்லாம் ஒன்றாகக் கலந்து மிதந்தன. எங்கே போகிறோம் என்று தெரியாமலே போய்க்கொண்டிருந்தேன். மதகுக்கு வந்தபோது தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. அப்போதும் நாங்கள் தட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் முன்னால் அடி வைத்துப் பார்த்தேன். வரவில்லை. பின்னால் வைத்தேன், வந்தது. சரி, வந்தவரைக்கும் லாபம் என்று தெருவில் பின்னாலேயே நடந்தேன். பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து சிரித்தார்கள். ஓரகத்தி என் முகத்தைப் பார்த்தபடி எதிரே நடந்து வந்து வழி சொன்னாள். "எடப்பக்கம் வா. கல்லு இருக்கு. இப்ப நேரா." ஒரு நாள் சாணியைப் பார்த்துவிட்டும் சொல்லவில்லை. "மறந்துட்டேன்டி" என்றாள். மறந்த மூஞ்சியா அது.

குறுவை நடவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வயலில் இறங்கிவிட்டால் நானும் மற்றவர்களும் ஒன்றுதான், எல்லோருக்கும் பின்நடைதான். வேலை முடிந்ததும் களத்தில் கொஞ்ச நேரம் கும்மி என்பது அந்த வருஷம் வழக்கமாகிவிட்டது. முட்டி பிடித்துக்கொண்ட ஒருத்தி வந்தாள். பிள்ளை தவறிப்போய் நாலு மாதம் வாயைத் திறக்காத ஒருத்தியும் வந்து நின்று, மூன்றாம் நாள் தானானே சொன்னாள். யாரும் அதை வைத்தியம் என்று சொல்லவில்லை. உடம்பு வலித்தது, ஆடினோம், இறங்கியது.

அந்தப் பெரிய வரப்பை மட்டும் நான் தொடவில்லை. சுற்றுவழியில்தான் போய் வந்தோம். ஆடியில் ஒரு நாள் சுற்றுவழி முழுக்கத் தண்ணீர் ஏறிவிட்டது. மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் பெரிய வரப்பில் ஏறினோம். நான் வீட்டுப் பக்கம் முதுகைக் காட்டிப் பின்னால் போக, அவள் எதிரே வந்தாள். இரண்டு பக்கமும் புதுநடவு, நாற்றுக்கு நடுவே தண்ணீரில் வானம் கிடந்தது. அந்த இடம் வந்ததும் அவள் நின்றாள்.

"அன்னைக்கு ஏன்டி நின்ன?"

"தெரியலக்கா. பயமா, முருங்க மரமான்னு எனக்கே தெரியல" என்றேன். அழுதுவிட்டேன்.

அவள் நாற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒன் எடத்துல நான் இருந்திருந்தா நின்னுருக்க மாட்டேன்."

இழுத்திருப்பேன் என்கிறாள் என்று நினைத்தேன்.

"வீட்டப் பாத்து ஓடியிருப்பேன்" என்றாள். "நீ ஓடல. பின்னாடி நீ நிக்கிறேங்கற தைரியத்துலதான் நான் கையவே தூக்குனேன்."

அவள் வரப்பிலிருந்து சேற்றில் இறங்கி, என்னைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறி, வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். போகிற போக்கில் சொன்னாள்: "ஆனா அந்த மரம் எங்க பக்கம். அதுல மட்டும் ஒன்ன விட மாட்டேன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். கண்ணீர் கன்னத்தில் இருக்கும்போதே திரும்பினேன். "யாரு பக்கம்? கல்லுக்கு இந்தண்டதான தூரு இருக்கு" என்று கத்தினேன்.

"வந்து அளந்து காட்டு."

"காட்றேன், நில்லுக்கா."

அவள் நிற்கவில்லை. நான் கத்திக்கொண்டே போனேன். கல்லைப் பற்றி, கிளையைப் பற்றி, அவள் மாமியாரிடம் கோள் சொன்னதைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டு பாதி வரப்பு போன பிறகுதான் பார்த்தேன், அவள் முதுகு என் முன்னால் இருந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

அவளுக்கு என் காலடிச் சத்தம் கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்தால் நான் நின்றுவிடுவேன் என்றும் தெரிந்திருக்கும். முருங்கை மரத்துக்காக என்னை ஏசிக்கொண்டே நடந்தாள், வீடு வரைக்கும் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.