புள்ளிச் சட்டை

நியூசிலாந்தில், ஒனிஹங்காவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மறுபாதியில் ஒரு பிலிப்பைன்ஸ்காரி தனியாக இருந்தாள். விமான நிலையச் சமையற்கூடத்தில் நானும் அவளும் ஒன்றாக வேலை செய்தோம். அரைகுறை ஆங்கிலத்தில்தான் கதைப்போம். ஆனாலும் அவள் சொல்வதெல்லாம் எனக்குத் தமிழிலேயே கேட்கும். எண்பதுகளின் நடுவில், ஒரு டிசம்பர் கடைசி நாள் காலையில், அவளுடைய மகள் மணிலாவிலிருந்து வந்து இறங்கினாள். நாலு வயதில் தன் தங்கையிடம் விட்டுவிட்டு வந்த பிள்ளை. விசா கிடைப்பதற்குள் எட்டு வயதாகிவிட்டது.

அந்த வருடப் பிறப்பில் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று தாய் ஒற்றைக்காலில் நின்றாள். வட்டமான எதுவும் செல்வம் என்பது அவர்கள் நம்பிக்கை. மேசையில் பன்னிரண்டு வகை உருண்டைப் பழங்கள் வேண்டும். பீச், பிளம், தோடம்பழம் என்று தேடியும் ஒன்று குறைந்தது. நான் ஒரு தேசிக்காயைக் கொண்டுபோய் வைத்தேன்.

"அது ஊறுகாய்க்கெல்லோ?" என்றார் என் கணவர்.

"உருண்டையா இல்லையா, அதைச் சொல்லுங்கோ," என்றேன்.

உடுப்பிலும் வட்டம் வேண்டுமாம். சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட சட்டை ஒன்றை மகளுக்காக அவளே தைத்து வைத்திருந்தாள். பிள்ளை போட்டுப் பார்த்தது. தோளில் இறுகியது, முதுகில் பொத்தான் எட்டவேயில்லை. நினைவில் இருந்த பிள்ளையின் அளவுக்குத் தைத்திருக்கிறாள், பாவி! பிள்ளை அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. வந்ததிலிருந்து தாயோடு ஒரு சொல் கதைக்கவில்லை, தொட்டால் தள்ளிப் போனது.

"விடும், வேறை உடுப்புப் போடட்டும்," என்றேன்.

"இல்லை. இதைத்தான் போடுவாள். கத்தரிக்கோலைத் தாரும்."

இரண்டு பக்கத் தையலையும் பிரித்துவிட்டாள். ஒட்டுப் போட அதே துணி இல்லை. எங்கள் யன்னல் சீலையில் நீலப் புள்ளிகள் இருந்தன. "வீட்டுக்காரன் கேட்டால்?" என்று கணவர் கேட்டு முடிப்பதற்குள் நான் அதைக் கழற்றிவிட்டேன். பின்னேரம் முழுவதும் இருவரும் குனிந்த தலை நிமிராமல் தைத்தோம்.

புது வருடம் பிறந்த நேரம் எல்லா விளக்குகளும் எரிந்தன, எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. கெட்டது ஓட வேண்டும் என்று நான் சட்டியைப் போட்டு அடித்தேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் துள்ளிக் குதித்தால் உயரமாக வளர்வார்களாம். சிவப்பும் நீலமுமாக மகள் நடுவில் நின்றாள். ஒரு வழக்கத்தையும் விட்டுக்கொடுக்காத தாயோ பேசாமல் நின்றாள்.

"குதிக்கச் சொல்லுமன்," என்றேன்.

"மாட்டன். நான் பாக்காமலே இவ்வளவு வளர்ந்திட்டாள். இனி மெல்ல வளரட்டும்."

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. தாயை ஒருதரம் அண்ணாந்து பார்த்தது. பிறகு அவளுடைய கையை எட்டி இறுகப் பிடித்துக்கொண்டு, அதை விடாமலே குதித்தது.