நிலாவுக்காக நான் காட்டிய இடம்

அந்த இடம் ஈரமாக இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆறு வயதுக் குழந்தையை அதன்மேல் நடக்கவிட்டேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் இல்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாததால்தான் சொல்ல முடிகிறது. எதிரில் உட்கார்ந்திருந்தால் உங்களிடமும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

மீஞ்சூர் போகும் சாலையில் எனக்கு ஒரு சாம்பல் கல் பட்டறை இருக்கிறது. அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே ஒரு பெரிய குளத்தில் கொண்டுவந்து விடுவார்கள். தண்ணீர் வடிந்து காய்ந்த பிறகு என்னைப் போன்றவர்கள் லாரியில் அள்ளிவந்து வீடு கட்டும் கல் போடுவோம்.

லாரி ஓடும் பக்கம் தார்ச்சாலை போலக் கெட்டியாக இருக்கும். குழாய் கொட்டும் பக்கம் அப்படியில்லை. வெயிலில் மேலே ஒரு ஆடை கட்டிவிடும், ஆறிய பாலில் கட்டுமே, அதுபோல. அடியில் கூழ். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புது இடத்தில் வண்டியை இறக்குமுன் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரே இடத்தில் குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதிப்பார். சாம்பல் உலர்ந்தபடியே இருந்தால் வண்டி இறங்கலாம். பளபளத்து நீர் மேலே வந்துவிட்டால், வண்டி என்ன, ஆளே இறங்கக்கூடாது. இதைப் பார்த்துச் சொல்வதில் எனக்கு அந்த வட்டாரத்தில் பெயர் உண்டு. என் கால் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள்.

என் மகள் தர்ஷினி கல்லூரியில் ஊடகம் படிக்கிறாள். குழந்தைகளுக்கான ஒரு படத்தின் தொடக்கத்தை மட்டும், இரண்டு நிமிடத்துக்கு எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். அவளோடு ரேவதி, இம்ரான். ரேவதிதான் டைரக்டர். திருவொற்றியூரில் ஒரு குப்பத்துப் பெண். அப்பா காசிமேட்டில் விசைப்படகு ஏறுகிறவர்.

கதையும் அவளுடையதே. ஒரு பையன் கடற்கரையில் பந்தை உதைக்கிறான். அது மேலே போய்ப் போய் நிலாவில் விழுந்துவிடுகிறது. அவன் அதை எடுத்துவர நிலாவுக்குப் போகிறான். பையனாக நடிக்க ரேவதியின் தம்பி கபிலன். கடற்கரைப் பகுதியை எடுத்து முடித்துவிட்டார்கள். நிலாதான் கிடைக்கவில்லை.

"எங்கப்பாகிட்ட ஒரு நிலா இருக்குடி" என்று தர்ஷினி போனில் சொன்னதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து என் தொழில் என்னவென்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் 'பில்டிங் மெட்டீரியல்ஸ்' என்பாள். சட்டையில் சாம்பலோடு நான் கல்லூரி வாசலில் நின்றால் தெரு முனைக்குப் போய்க் காத்திருக்கச் சொல்வாள். அப்படிப்பட்டவள் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினாள்... அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் என் சின்ன லாரியிலேயே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனேன். குளத்து வாசல் காவலாளியிடம் "நம்ம புள்ளைங்கதான்" என்றேன். அவர் தடுப்பைத் தூக்கினார்.

கபிலனுக்கு வெள்ளை மழைக்கோட்டு, அவன் காலுக்குப் பெரிதான ரப்பர் பூட்ஸ், தலையில் அறுத்த தண்ணீர் கேன்.

"யக்கா, உள்ள நாறுது."

"நிலாவுல காத்தே கெடையாதுடா. மூச்சப் புடிச்சிகினு நட" என்றாள் ரேவதி.

நான் முதலில் காட்டியது லாரிப் பக்கத்தைத்தான். அதை நீங்கள் நம்பவேண்டும். இம்ரான் கேமராவில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். எங்கு திரும்பினாலும் டயர் தடம்.

"நிலாவுல லாரி ஓடுதா அங்கிள்? இம்ரான் மாமு, நம்ம படத்துக்கு அங்கிளே ஸ்பான்சர்னு போட்டுரலாம்" என்று ரேவதி சிரித்தாள்.

தர்ஷினியின் முகம் சுருங்கியது. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். கல்லூரி வாசலில் என்னைப் பார்க்கும்போது வருகிற முகம். "அப்பா, தடமே இல்லாத எடம் ஒண்ணு காட்டுங்கப்பா. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

தடமே இல்லாத இடம் எனக்குத் தெரியும். லாரிகள் ஏன் அங்கே போவதில்லை என்பதும் தெரியும்.

கரை மேலாகவே அவர்களைக் குழாய்ப் பக்கம் அழைத்துப் போனேன். குழாய் ஓய்ந்து கிடந்தது. மாலை வெயிலில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வெள்ளையாக விரிந்திருந்தது சாம்பல். "அய்யோ, அப்படியே நிலாப்பா" என்றாள் என் மகள். ரேவதி பந்தை வீசினாள். அது துள்ளி உருண்டு, தரையில் நிற்பதுபோல் நின்றது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் இறங்கினேன். குதிகாலால் மிதித்தேன். மூன்றாவது மிதியிலேயே பளபளத்தது. விரல்களுக்கிடையே நீர் வந்தது.

சொல்லியிருக்கலாம். 'இங்கே வேண்டாம்மா' என்ற இரண்டே சொல்... பின்னால் தர்ஷினி, "எங்கப்பா கால் வச்சுப் பாத்தா கரெக்டா இருக்கும்" என்று தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பந்து இருந்த தூரம் பத்தடிக்குள்தான். குழந்தை எவ்வளவு கனம் இருந்துவிடப்போகிறான் என்று நினைத்தேன். ஒரு முறை போய் வந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

கரையோரத்து உலர்ந்த சாம்பலைக் காலால் இழுத்து அந்த ஈரத்தை மூடினேன்.

"இறங்கலாம்" என்றேன்.

முதல் முறை அவன் அழகாக நடந்தான். பந்தை எடுத்துக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டான். அப்போது எனக்குள் எழுந்த நிம்மதியை என்னவென்று சொல்வது? நான் செய்தது சரியென்றே ஆகிவிட்டதுபோல் இருந்தது. ரேவதி, "இன்னொண்ணு எடுத்துர்லாம், கொஞ்சம் தள்ளி" என்று பந்தை இன்னும் தூரமாக வீசினாள். நான் வாய் திறக்கவில்லை.

பந்தைத் தொடக் குனிந்தபோது அவனுக்கு முழங்கால் இல்லை. பிறகு இடுப்பு இல்லை. கேனுக்குள்ளிருந்து அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. பயந்து கையை ஆட்டினான். ஆட்ட ஆட்ட இறங்கினான். கேன் சாய்ந்து அதற்குள் சாம்பல் நீர் போனது.

ரேவதி பாய்ந்தாள். அவளை இம்ரான் இழுத்துப் பிடித்தான். நான் வண்டியிலிருந்து தார்ப்பாயை எடுத்துவந்து விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய் அவன் அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்தேன். பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. அவன் வந்தான். கேனை உருவியபோது அவன் வாயிலிருந்து சாம்பல் வழிந்தது. உதடு நீலமாக இருந்தது.

பிழைத்துக்கொண்டான். நுரையீரலில் சாம்பல் நீர் போய்ப் பல நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தான்.

முதல் நாள் அங்கே ரேவதியின் அப்பா தேசிங்கு ஓடிவந்தார். கேட்டது ஒரே கேள்வி. "அங்க எறங்கலாம்னு யாரு சொன்னது?"

அந்த வராந்தாவில் நாங்கள் நால்வரும் நின்றோம். என் வாய் திறக்கப் போனது... திறக்கப் போனதென்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அதற்குள் ரேவதி, "நான்தான் நைனா. நான்தான் இன்னும் தள்ளிப் போட்டேன்" என்றாள். அவர் அவளை அறைந்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். நல்ல மனிதனைப் போல.

கல்லூரியில் விசாரித்தார்கள். ரேவதியும் இம்ரானும் அப்போது அந்த அறையில் இல்லை. "ஓரமா நின்னு எடுங்கன்னு சொல்லியிருந்தேன் சார். புள்ளைங்க ஆர்வத்துல உள்ள போயிட்டாங்க" என்றேன். தர்ஷினி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். 'இறங்கலாம்' என்று நான் சொன்னதைக் கேட்டவள். மேசையைப் பார்த்தபடியே இருந்தாள். அன்றிலிருந்து என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள். என் பொய்யை அவளும் சுமக்கும்படி செய்துவிட்டேன். காவலாளியை வேலையிலிருந்து எடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சொல்லிவிடுவதென்று முடிவுசெய்துதான் ஒருநாள் குப்பத்துக்குப் போனேன்.

தேசிங்கு எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வா சார். இன்னா சார் வாசல்லயே நின்னுகினு கீற? நீ இல்லன்னா எம்புள்ள இன்னிக்கி இல்ல சார்." அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டினார். "இவருதாம்பா. படுத்துகினே போயி இஸ்துகினு வந்தாரு." அதுவும் பொய்யில்லை. அதுதான் கொடுமை.

கபிலன் அவர் இடுப்பில் இருந்தான். ஆறு வயதுப் பையன்.

"மணல்ல கால வைக்க மாட்றான் சார். வூட்டுக்குள்ள சிமிட்டி தரைல நடப்பான். வாசல் தாண்டுனா தூக்கிக்கணும். கடலாண்ட பொறந்த புள்ள, மணலப் பாத்தா அலறுது. இன்னா பேஜாரு பாரு."

டீ வந்தது. குடித்தேன். ரேவதி எங்கே என்றேன்.

"அது இனிமே காலேசு போவாது சார். எறா கம்பெனில சேத்துட்டேன். கேமரா கீமரான்னு வாய தொறக்கக்கூடாதுன்ட்டேன். தம்பிய சாவடிக்கப் பாத்துச்சில்ல."

அது நான், என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவர் காத்துக்கொண்டிருப்பதுபோலக்கூட இருந்தது. "பாவம், சின்னப் பொண்ணு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

திரும்பும்போது ரேவதி சாலை வரை வந்தாள். கையில் ஐஸ் பட்டு வெளிறிய விரல்கள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கவா? அன்னிக்கு மிதிச்சுப் பாத்துட்டு காலால சாம்பல தள்ளுனீங்களே. எதுக்கு?"

"கால் சுட்டுச்சும்மா. அதான்."

என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி அங்கிள். பாத்துப் போங்க" என்றாள்.

அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்டாளா? தெரிந்திருந்தால் ஏன் அவள் அப்பாவிடம் சொல்லவில்லை? நான் சொல்வேன் என்று இன்னும் காத்திருக்கிறாளா...

இறால் கம்பெனி வேன் காலையில் என் பட்டறையைத் தாண்டித்தான் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்குவாள்.

நானும் தூக்குகிறேன்.