தேவகிருபையின் ஏழாம் பாத்தி

ராயபுரத்தில் பழைய கிடங்கு ஒன்றை இடித்த மனையில் இன்று இருபத்திரண்டு பாத்திகள் இருக்கின்றன. ஏழாவது பாத்தி தேவகிருபையுடையது. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. காசிமேட்டில் மீன் வெட்டுகிறாள். வீடு நான்காம் மாடியில். அங்கே ஒரு பூந்தொட்டி வைக்கவும் இடமில்லை.

தோட்டத்தைத் தொடங்கியவர் ஜேக்கப். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேட்டில் பலகை மாட்டி இரண்டு விதிகளை எழுதிவைத்திருந்தார். கடை உரம் உள்ளே வரக்கூடாது, எருவை அவரவரே கொண்டுவர வேண்டும். புதிதாகச் சேர்கிறவருக்கு மூன்று மாதக் கெடு. அதற்குள் பாத்தி பச்சை பிடிக்காவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

தேவகிருபை முதல் நாளே ஒரு வாளி மீன் கழிவோடு வந்தாள்.

"இன்னாம்மா இது, மார்க்கெட்டையே இட்டாந்துட்ட? ஒரே கலீஜு!"

"மாடு வச்சிகினு கீறவன் சாணி கொண்டாறான். நான் மீன் வெட்றவ, ஜேக்கப்பண்ணே. மல்லிப்பூவா கொண்டாருவேன்?"

விதியில் மீன் கூடாது என்று இல்லை. ஜேக்கப் விட்டுவிட்டார்.

ஆனால் நாற்றம் என்று இன்னொருவர் சொல்லக் கேட்க அவளுக்கு மனமில்லை. வேலை முடிந்ததும் அரிவாள்மனையையும் பலகையையும் கடல் தண்ணீர் மொண்டு அலசுவது அவள் வழக்கம். அதே வழக்கத்தில் செவுளையும் குடலையும் மூன்று முறை அலசினாள். பாத்தியில் புதைத்தாள். அலசிய தண்ணீரையும் வீணாக்காமல் அங்கேயே ஊற்றினாள்.

மூன்றாம் வாரம் கத்தரி நாற்றுகள் இலையோரம் கருகி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

"மீன் சூடும்மா. மண்ணு தாங்காது" என்றார் ஜேக்கப். பக்கத்துப் பாத்திக்காரர்களும் ஆமாம் என்றார்கள்.

அவள் குந்தி உட்கார்ந்து மண்ணைப் பார்த்தாள். காய்ந்த மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கருவாட்டின் மேல் எத்தனையோ முறை பார்த்த வெள்ளை. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது.

"மீன் மேல தப்பில்லண்ணே. என் மேலதான். சுத்தம் பண்றேன்னு கடலையே கொண்ணாந்து ஊத்திகினு இருந்துகீறேன்."

"இன்னும் பத்து வாரந்தான் கீது" என்றார் அவர்.

பாத்தியின் ஓரத்தில் வடிகால் வெட்டினாள். மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் தினம் பன்னிரண்டு குடம் நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றினாள். வடிந்து வருவதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பத்தாம் நாள் கரிப்பு நின்றது. அன்றைக்கே தண்டுக்கீரை விதைத்தாள். இதற்கிடையில் புதுக் கழிவை நல்ல தண்ணீரில் அலசி, சம எடை வெல்லத்தோடு பிசைந்து, டிரம்மில் அடைத்துவிட்டிருந்தாள். நாற்பது நாள் கழித்துத் திறந்தபோது மீன் வாடை போய் பழ வாசம் வந்தது. ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு சின்ன டம்ளர். அதற்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

கெடு முடிந்த நாள் ஜேக்கப் பெயர்ப்பட்டியலோடு வந்தார். கீரை முழங்கால் உயரம் நின்றது. ஒரு தண்டை ஒடித்தார். நாரில்லாமல் டக்கென்று முறிந்தது.

"இன்னாண்ணே, என் பேரை அடிச்சிட்டியா?"

அவர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என் வெண்டைக்கு ஒரு டம்ளர் குடேன்."

"பக்கத்துப் பாத்தி ரூஹி முன்னாடியே கேட்டுகீறா. அவளுக்கு அப்பால நீ."

இப்போது தோட்டத்தில் மூன்று டிரம்கள் இருக்கின்றன. கேட்டுச் சாவி தேவகிருபையிடம் இருக்கிறது. பலகையில் மூன்றாவதாக ஒரு விதி சேர்ந்திருக்கிறது, ஜேக்கப்பின் கையெழுத்திலேயே: "மீன் அலசிய தண்ணீரை தேவகிருபை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே கழிவு உள்ளே வரும்."

புதிதாகச் சேர வருகிறவர்களைப் பலகைமுன் நிறுத்தி, அவளே அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். தன் பெயர் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி.