மயில் கழுத்து நிறத்தில் ஓர் அரிவாள்மணை

இரும்பு நீலமாகும் என்பது உங்களுக்குத் தெரியுமா? போன வாரம் வியாழக்கிழமை காலை பதினோரு மணி வரை எனக்குத் தெரியாது. பதினொன்று ஐந்துக்குத் தெரிந்துவிட்டது. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியேதான் இதை எழுதுகிறேன்.

(எல்லாரும் உட்கார்ந்துதான் எழுதுவார்கள் என்கிறீர்களா? சரி... விடுங்கள்.)

ஐம்பத்திரண்டு வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும். சிலருக்கு ஆன்மிகம் வரும். எனக்குக் கத்தி செய்யும் ஆசை வந்தது. யூடியூபில் ஒரு தாடிக்காரர் பொறி பறக்கப் பறக்கக் கத்தி தேய்ப்பதைப் பார்த்ததுதான் தப்பு. பழைய ரம்பத் தகடு ஒன்றை வாங்கி, எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து அரத்தால் ராவ ஆரம்பித்தேன். நாலு மாதம். ஒரே ஒரு கத்தி. அது தக்காளியை வெட்டாது, நசுக்கும். இப்போது கூரியர் கவர் பிரிக்கப் பயன்படுகிறது. அதுவும் கவர் ஒத்துழைத்தால்.

குற்றம் என்னுடையது அல்ல, கருவியுடையது என்று முடிவு செய்தேன். இந்த முடிவுக்கு வராத பொழுதுபோக்குக்காரன் உலகத்தில் உண்டா? எனக்குத் தேவை ஒரு பெல்ட் கிரைண்டர். நீளமான உப்புத்தாள் பட்டையை மோட்டார் சக்கரங்களின் மேல் ஓட்டிக்கொண்டே இருக்கும். நாம் இரும்பைக் காட்டினால் போதும், தேய்த்துக் கொடுத்துவிடும்.

மனைவி கோமதியிடம் விண்ணப்பித்தேன். "அது வீட்டுக்கு என்ன பண்ணும்னு முதல்ல சொல்லுங்க. பால்கனியில இடம் இருக்கான்னு அப்புறம் நான் சொல்றேன்" என்றாள். நியாயமான கேள்வி.

கிண்டி தொழிற்பேட்டையின் பின்சந்து ஒன்றில் இந்த இயந்திரங்களைச் செய்து விற்கும் ரஷீத் பாய்க்கு போன் போட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டே வாங்கலாம், தேய்த்துப் பார்க்க வீட்டிலிருந்து உதவாத பழைய இரும்பு ஏதாவது எடுத்து வாருங்கள் என்றார்.

வீடு முழுக்கத் தேடினேன். கண்ணில் பட்டது கோமதியின் அரிவாள்மணை.

இங்கே ஒரு நிமிஷம். கோமதி எங்கள் தெருவில் எட்டு வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள். காலை ஆறு மணிக்கு அரிவாள்மணை முன்னால் உட்காருவாள். வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கிற வேகத்தைப் பார்த்து நான் பலமுறை பல் தேய்க்க மறந்திருக்கிறேன். நறுக்குகிற மெஷின் ஒன்று வந்து மூன்று வருஷமாக அலமாரியில் ஓய்வெடுக்கிறது. அரிவாள்மணையை நான் தொட்டால் போதும், அடுத்த அறையிலிருந்து "வெச்சுடுங்க" என்று குரல் வரும். எப்படித் தெரிகிறது? தெரியாது.

அதைப் போய் ஏன் எடுத்தேன்? திட்டம் அப்படி. கிண்டியில் பளிச்சென்று தீட்டிக் கொண்டுவருவேன். மறுநாள் அவள் நறுக்கிப் பார்த்து அசந்துபோவாள். "எல்லாம் பெல்ட் கிரைண்டர்" என்பேன். பால்கனியில் இடம் கிடைத்துவிடும். அன்று அவள் தங்கையோடு தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கப் போயிருந்தாள். நல்ல நேரம் கூடி வந்துவிட்டதென்று துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

"இன்னா சார், பையிலேர்ந்து மூக்கை நீட்டிக்கினு கீது?" என்றார் ஆட்டோக்காரர்.

"மனைவியோடது" என்றேன். அதற்குப் பிறகு கிண்டி வரை அவர் ரோட்டைவிடக் கண்ணாடியில் என் பையைத்தான் அதிகம் பார்த்தார்.

ரஷீத் பாய் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். இரண்டு மெஷின் காட்டினார். ஒன்று சின்னது. முன்பக்கம் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, எண் போட்ட ஒரு திருகு. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். "மொத மெஷினுன்னா இத்த எடு சார். மெதுவா ஓட்டிக் கை பழகிக்கலாம்" என்றார். இன்னொன்று என் நெஞ்சு உயரம். திருகு கிருகு எதுவும் கிடையாது. போட்டால் ஒரே ஓட்டம். அது தினமும் தொழில் செய்கிறவர்களுக்கு, உங்களுக்கு வேண்டாம் என்றார்.

'வேண்டாம்' என்று சொன்ன பிறகு என் கண் எங்கே போயிருக்கும்? தாடிக்காரர் வைத்திருந்ததும் அதுதானே! அதிலேயே ஓட்டிப் பார்க்கிறேன் என்று அடம்பிடித்தேன்.

"பழசுதானே சார் இது?" என்று அரிவாள்மணையைப் பார்த்துக் கேட்டார். பழசுதான் என்றேன். பொய் இல்லையே. பலகையிலிருந்து தகட்டைக் கழற்றிக் கொடுத்தார். கண்ணாடி மாட்டிவிட்டார். நான் ஆசையாக வாங்கிப் போயிருந்த தோல் கையுறைகளைக் கழற்றச் சொன்னார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை நகர்த்தி வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கை கழுவத்தான் என்று நினைத்தேன்.

அழுத்தினேன். ஆஹா... தீபாவளி! பாய் பின்னாலிருந்து ஏதோ கத்தினார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன். அப்போது தகட்டின் ஓரம் நெடுக நிறம் எழுந்தது. முதலில் வைக்கோல் மஞ்சள். பிறகு கத்தரிப்பூ. பிறகு, தி.நகரில் அதே நேரம் கோமதி எதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அதே மயில் கழுத்து நீலம்.

பெருமையாகத் தூக்கிக் காட்டினேன்.

பாய் மெஷினை அணைத்தார். தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செத்துடுச்சு சார்."

யார் என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

"இரும்புதான். நீலம் வந்துச்சுன்னா உள்ள இருக்குற உறுதி போச்சுன்னு அர்த்தம். அந்த ஓரம் இனிமே தகரம் மாதிரி."

வீட்டுக்கு வந்து உப்புத்தாளால் நீலத்தைத் தேய்த்து மறைத்தேன். நிறம் போய்விட்டது. குற்றம் போகுமா?

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. வாழைத்தண்டு. முதல் மூன்று வட்டங்கள் காகிதம் மாதிரி விழுந்தன. கோமதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அரை விநாடி... அரை விநாடிதான், நான் பிழைத்துக்கொண்டதாகவே நினைத்தேன். நாலாவது வட்டம் நசுங்கியது. விளிம்பு பள்ளிக்கூட நோட்டின் மூலை மாதிரி மடங்கியிருந்தது.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எட்டு டப்பா போகணும்" என்று மட்டும் சொன்னாள். அன்று கூட்டு இல்லாமல் டப்பாக்கள் போயின. இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "என்னைக் கேட்டிருந்தா அந்த உடைஞ்ச தோசைத்திருப்பியைக் குடுத்திருப்பேனே."

கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானம் இருவருமாகக் கிண்டிக்குப் போனோம். பாய் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார். சூடு ஓரத்தோடு நின்றிருக்கிறது, இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே நல்ல இரும்பு இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. தகட்டை அவரிடம் நீட்டினேன்.

"அவர் எதுக்கு? கெடுத்தவரே பண்ணட்டும்" என்றாள் கோமதி.

அந்த நீலத்தைவிடப் பெரிய அதிர்ச்சி இதுதான். சின்ன மெஷினின் திருகை பாய் இரண்டில் வைத்தார். வெறும் விரலால் பிடிக்க வேண்டும். விரல் சுட்டால் இரும்பும் சுடுகிறது என்று அர்த்தம். உடனே வாளியில் முக்க வேண்டும். ஓ... வாளி அதற்கா! கோமதி வாளி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று நான் ஆசைப்படும்போதெல்லாம் "தண்ணி" என்றாள். என் விரல் சுடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது. இரண்டு மணி நேரம். மொத்தமாக ஒரு மத்தாப்பு அளவுக்குக்கூடப் பொறி வரவில்லை.

தகட்டைப் பலகையில் மாட்டியதும் கோமதி கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு சாண் வாழைத்தண்டு. பட்டறைத் தரையில் பேப்பர் விரித்து, உட்கார்ந்து நறுக்கினாள். நாலு. ஐந்து. பத்து. நான் மூச்சு விட்டது பதினொன்றாவது வட்டத்தில்.

விளிம்பைப் பார்த்தாள். மடங்கவில்லை. அப்படியே பாயிடம் திரும்பினாள்.

"இந்தச் சின்னதை எப்ப அனுப்புவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "வீட்டுக்கு என்ன பண்ணும்னு கேட்டேன் இல்ல? சாணைக்காரரைத் தேடி மாசாமாசம் அலையறேன். இனிமே நீங்க இருக்கீங்க."

மறுநாளே மெஷின் வந்துவிட்டது. புது மெஷின் ஆயிற்றே, சந்தனம் தடவினாள். பூ வைத்தாள். குங்குமப் பொட்டை மட்டும் மோட்டார் மேல் வைக்காமல், திருகைச் சுற்றி இருக்கும் எண்களில் சரியாக இரண்டின் மேல் வைத்தாள்.

"அங்க எதுக்கு? சாமிக்கா?"

"உங்களுக்கு. பொட்டைத் தாண்டக் கூடாது."

நேற்று வெள்ளிக்கிழமை. பொட்டு கலைந்துவிடப் போகிறதே என்று, குளித்துவிட்டு வந்து நானே புதிதாக வைத்தேன். இரண்டரையில் வைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "இரண்டு" என்று குரல் வந்தது, அடுத்த அறையிலிருந்து.