காரண்டியில் சேராத சந்தனம்

கல்யாணமாகி டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில், டெலிவிஷன் எங்கள் வீட்டின் மூன்றாவது ஆள். இரண்டு மரக்கதவு, திறந்தால் வெளிச்சம், மூடினால் மௌனம். ஓராண்டு காரண்டி முடிந்ததும் கடைக்காரர் இன்னோர் ஆண்டுக்கு ஒப்பந்தம் நீட்டினார். நன்றாக இருக்கிற பெட்டிக்கு எதற்கு முன்கூட்டியே வைத்தியம் என்றேன். என் கணவர் அரசாங்கக் குமாஸ்தா. முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் கை தானாக நீளும். வாங்கிவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷின், சைக்கிள், அரிவாள்மனை, எல்லாவற்றுக்கும் பொட்டு. டெலிவிஷனை மட்டும் விடுவதா? கண்ணாடியில் வைத்தால் செய்தி வாசிப்பவர் மூக்கில் விழுமே என்று முதுகில் வைத்தேன். சந்தனத்தை நீர்க்கக் கரைத்து, தாராளமாக. முதுகெல்லாம் காற்றுத் துளைகள். உள்ளே இறங்கும் என்று தோன்றவேயில்லை.

சனிக்கிழமை பெட்டி செத்தது. மறுநாள் மதியம் தமிழ்ப் படம். வாரம் ஒரு மொழிப் படமாகச் சுற்றி, எத்தனையோ மாதத்துக்கு ஒருமுறை எங்கள் மொழிக்கு வரும் ஞாயிறு அது. பிளாக்கில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனையையும் அழைத்து வைத்திருந்தேன்.

காலையில் கடையின் மெக்கானிக் வந்தார், ஒரு சர்தார்ஜி. பின்மூடியைக் கழற்றியதும் காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கூடவே ஒரு சாமந்தி இதழ். முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெஹன்ஜி, காரண்டி மே பூஜா நஹி ஆதி."

பூஜையெல்லாம் காரண்டியில் வராதாம். கணவர் ஒப்பந்தத்தை விரித்தார். மழை, வெள்ளம், மின்னல், எலி என்று விலக்குகளை ஆபீஸ் குரலில் வாசித்து, இதில் சந்தனம் எங்கே என்று ஹிந்தியில் கேட்டார். சர்தார்ஜி வாங்கி இரண்டு முறை படித்தார். இல்லைதான். சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

வாசலில் செருப்புகள் குவிந்தன. சர்தார்ஜி மூடியை மாட்டி ஸ்விட்சைத் தட்டினார். மெல்ல, மிக மெல்ல, திரை வெளுத்தது. தமிழ் எழுத்துகள் ஓடின. டில்லியில் பிறந்த பிள்ளைகள், என்ன போட்டிருக்கு என்று அப்பாக்களைக் கேட்டன. சர்தார்ஜி காபியோடு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை நானே கேட்டு வாங்கினேன். விலக்குகளில், எலிக்குக் கீழே, பேனாவால் யாரோ ஹிந்தியில் சேர்த்திருந்தார்கள்: சந்தனம்.